துபாய் மாத்திரை சாயங்காலம் வரை நிற்குது, ஊர் மாத்திரை மதியத்தோட தீருது: ஏ.டி.ஹெச்.டி. மருந்துகள் உடம்புக்குள்ள என்னதான் செய்யுது?

முத்துச்சிப்பி, கீழக்கரை:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். சிறப்புக் கல்வி வகுப்புக்கு வரும், ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக்குறைவும் அதீதத் துடிப்பும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதற்குச் சரியான பதில் வேண்டும், அதற்காகக் கேட்கிறேன். அளவைக் கூட்டு, குறை என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை. அது டாக்டர் பாடு.

முதலாவது, 9 வயதுப் பையன், 28 கிலோ. துபாயில் இருந்தவரை காலையில் 18 மி.கி. நீள்நேர மெத்தில்பெனிடேட் ஒன்று. ஊர் வந்ததும் அது கிடைக்காமல் 10 மி.கி. சாதா மாத்திரை, காலை 8 மணிக்கு ஒன்றே ஒன்று. முதல் மூன்று பீரியடும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான், பதினோரு மணிக்குப் பிஸ்கட் கொடுத்தால்கூடத் தொடுவதில்லை. மதியம் ஆனதும் தொட்டதற்கெல்லாம் அழுகை. "அங்கே கொடுத்தது அசல், இங்கே கொடுப்பது டூப்ளிகேட்" என்கிறார் வாப்பா.

இரண்டாவது, இன்னொரு வீட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் 30 மி.கி. லிஸ்டெக்ஸாம்பெடமின் என்ற வேறொரு ஏ.டி.ஹெச்.டி. மருந்து சாப்பிடுகிறான். "அதையே எங்க புள்ளைக்கும் வரவழைச்சா என்ன?" என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, பாட்டிமார் எல்லாரும் கேட்பது: இவை சுறுசுறுப்பைத் தூண்டும் மருந்து என்றால், ஏற்கெனவே நிற்காமல் ஓடுகிற பிள்ளை இன்னும் அல்லவா ஓடும்?

மாத்திரைப்பெட்டி, உச்சிப்புளி:

லாத்தா, டூப்ளிகேட் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு டப்பாவிலும் இருப்பது ஒரே மெத்தில்பெனிடேட். வெளியே வரும் வேகம்தான் வேறு.

சாதா மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். இரண்டு மணி நேரம் வாக்கில் ரத்தத்தில் உச்சம். அதற்குப் பிறகு ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும். ஆக, கண்ணுக்குத் தெரியும் பலன் 3 முதல் 4 மணி நேரம். 8 மணிக்குக் கொடுத்தால் 12 மணிக்குக் கதை முடிந்தது. மருந்தில் குறை இல்லை, அதன் ஆயுசே அவ்வளவுதான்.

துபாய் மாத்திரை ஆஸ்மாடிக் வகையாக, அதாவது தண்ணீரை இழுத்து மருந்தை வெளியே தள்ளும் வகையாக, இருக்க வேண்டும். நீளமான குப்பி மாதிரி இருக்கும், ஒரு முனையில் லேசரால் போட்ட பொடித் துளை. மேல்பூச்சில் மொத்த மருந்தில் 22 சதவீதம், அது முதல் ஒரு மணி நேரத்தில் கரையும். மீதி 78 சதவீதம் உள்ளே இரண்டு அடுக்காக இருக்கிறது. அதற்கு அடியில் தள்ளும் அடுக்கு ஒன்று. உப்பும், ஊறினால் வீங்கும் பாலிமரும் கலந்தது. மீனில் உப்பைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை உப்பு இழுத்துக்கொள்கிறதல்லவா, கருவாடு போடுகிற எல்லாருக்கும் தெரியும். அதே இழுப்புதான் இங்கேயும். குடலில் இருக்கும் தண்ணீர் மாத்திரையின் மேல்ஓடு வழியாக ஊறி உள்ளே போகும், அடி அடுக்கு ஊதும், மருந்து துளை வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். 10 முதல் 12 மணி நேரம். காலி ஓடு மலத்தோடு முழுசாக வரும். அதைப் பார்த்து "மாத்திரை செரிக்கவே இல்லை" என்று பயப்பட வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 18-இல் 22 சதவீதம் என்றால் சுமார் 4 மி.கி. துபாயில் பையனுக்குக் காலையில் சட்டென்று இறங்கியது அந்த 4 மட்டும்தான், மீதி 14 நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக. இங்கே 8 மணிக்கே 10 மி.கி. மொத்தமாக இறங்குகிறது. அதாவது காலையில் இரண்டரை மடங்கு கூடுதல், மதியத்துக்கு மேல் பூஜ்யம். சிலை மாதிரி உட்கார்வதும் பிஸ்கட்டைத் தொடாததும் அந்த உச்சத்தால். மதிய அழுகை, மருந்து சட்டென்று இறங்கும்போது வரும் எதிர்வீச்சு. 18 மி.கி. ஆஸ்மாடிக் மாத்திரைக்கு ஈடாக மருந்துக் குறிப்பேட்டில் இருப்பது 5 மி.கி. சாதா மாத்திரை, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. பத்தை ஒரே வேளையாகக் கொடுப்பது அதற்கு ஈடே இல்லை. இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், போதும்.

இரண்டுக்கும் நடுவில் எஸ்.ஆர். மாத்திரை என்று ஒன்று உண்டு. பசை மாதிரிக் குழைந்து மெல்லக் கரையும், 6 முதல் 8 மணி நேரம் தாங்கும். பாதியாக உடைத்தால் பசை குலைந்து சாதா மாத்திரையாகிவிடும். ஆஸ்மாடிக்கையும் உடைக்க, பொடிக்க, மெல்லக் கூடாது. விழுங்கத் தெரியாத பிள்ளை என்றால் மணி மணியாக இருக்கும் கேப்ஸ்யூல் ஒன்று இருக்கிறது, சில நாடுகளில் கிடைக்கும். பாதி மணிகள் உடனே கரையும், பாதி நான்கு மணி நேரம் கழித்து. அதைத் திறந்து ஆறின கூழிலோ மசித்த பழத்திலோ தூவலாம். சூட்டில் தூவினால் மணியின் பூச்சு போய்விடும்.

கடையில் கிடைக்காததற்குக் காரணம் தனி. மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸ், அதாவது கட்டுப்பாடு கூடிய மருந்துப் பட்டியல். அதை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். சின்ன ஊர் மெடிக்கல் பலதும் இந்தத் தலைவலி வேண்டாம் என்று விட்டுவிடுகிறது. எனவே மாத்திரை தீர்ந்த பிறகு அலையாமல், பத்து நாளைக்கு இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடச் சொல்லுங்கள்.

உப்பளக்காற்று, வாலிநோக்கம்:

பாட்டிமார் கேள்விக்கு வருகிறேன். இங்கே மனநல மருத்துவம் பார்ப்பவன்.

உப்பளத்தில் பாத்தி, தொட்டி, மோட்டார் மூன்றையும் மனசில் வையுங்கள். நரம்புச் செல், சேதி கடத்தும் டோபமின் என்ற பொருளைச் சின்னப் பைகளில் தேக்கி வைத்திருக்கிறது, அது தொட்டி. சேதி வரும்போது ஒரு பையைத் திறந்து அடுத்த செல்லுக்கு முன்னால் உள்ள இடுக்கில் கொட்டுகிறது, அது பாத்தி. கொட்டியதை உடனே உறிஞ்சித் திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் புரதம் ஒன்று உண்டு, அது மோட்டார். டோபமினுக்கு ஒரு மோட்டார், அதே மாதிரி சேதி கடத்தும் நார்அட்ரினலினுக்கு ஒரு மோட்டார்.

மெத்தில்பெனிடேட் செய்வது, இரண்டு மோட்டார்களின் வாயிலும் சாக்கை அடைப்பது. தான் உள்ளே போவதில்லை. கொட்டின தண்ணீர் பாத்தியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் யாராவது மடை திறந்தால்தானே தண்ணீர்? நரம்பு தானாகச் சேதி அனுப்பினால்தான் இதற்கு வேலை. அதனால்தான் இந்த மாத்திரை கணக்குப் பாடத்தைப் பிடிக்க வைப்பதில்லை, பிள்ளை உட்கார்ந்து கணக்கைத் தொட்டால் அதிலேயே நிற்க உதவுகிறது.

ஆம்பெடமின் வகை (உறவுக்காரப் பையனின் லிஸ்டெக்ஸாம்பெடமின் இதில்தான் சேரும்) மோட்டாரின் வாய் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். தொட்டிப் பைகளுக்குள் புகுந்து டோபமினை வெளியே கசியவிடும், பிறகு மோட்டாரையே தலைகீழாக ஓட வைக்கும். உறிஞ்ச வேண்டியது கக்குகிறது. மடை திறக்கிறதா என்று அது காத்திருப்பதில்லை. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மெத்தில்பெனிடேட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வீரியம் என்பார்கள்.

இப்போது "இன்னும் ஓடாதா?" என்பதற்கு. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் "பொறு, முதலில் இதை முடி" என்று சொல்லும் இடம். அங்கே டோபமின் மோட்டார் மிகக் குறைவு, டோபமினையும் நார்அட்ரினலின் மோட்டார்தான் அள்ளுகிறது. அதை அடைத்தால் அந்த இடத்தில் இரண்டுமே உயரும். தூண்டப்படுவது ஓட்டம் இல்லை, கடிவாளம். ஆனால் அளவு மீறினால் அதே பகுதி மறுபடி மந்தமாகிவிடும். சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை, ஒரே இடத்தை வெறிப்பது. முதல் பையன் "சிலை மாதிரி" என்று நீங்கள் எழுதியது நல்ல செய்தி அல்ல, மேடம். வகுப்பில் சத்தம் குறைந்ததை வைத்து அளவு சரி என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று. "மாத்திரை கொடுத்ததும் அமைதியானான், அப்போ ஏ.டி.ஹெச்.டி.தான்" என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1978-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்பெடமின் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆட்டம் குறைந்தது, கவனம் கூடியது. மாத்திரை நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. 1937-இல் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் பென்செட்ரின் என்ற ஆம்பெடமின் மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகளே அதற்குக் "கணக்கு மாத்திரை" என்று பெயர் வைத்தார்களாம். பிள்ளைகள் எதையும் சரியாகத்தான் பிடிக்கிறார்கள்.

போதையாகுமா என்பதும் வேகத்தைப் பொறுத்தது. சிகிச்சை அளவில் வாயால் சாப்பிட்டாலே டோபமின் மோட்டார்களில் பாதிக்கு மேல் அடைபடுகிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து, மெல்ல. அதே மருந்தைப் பொடித்து மூக்கில் இழுத்தால் நிமிடங்களில் ஏறும், போதை அங்கேதான். எனவே மாத்திரை பெரியவர் கையில் இருக்கட்டும், அண்ணன்மார் கையில் வேண்டாம்.

கச்சான், தொண்டி:

டாக்டர் சார், கடலுக்குப் போற பசங்க கருப்பட்டிக் காபியை நாலு டம்ளர் குடிச்சிட்டு இதே மாதிரிதான் விழிப்பா இருக்காங்க. காபியே போதாதா?

உப்பளக்காற்று, வாலிநோக்கம்:

தம்பி, காபி வேறு வழி. தூக்கச் சேதி சொல்லும் அடினோசினின் வாயை அது அடைக்கிறது, டோபமின் மோட்டாரைத் தொடுவதில்லை. விழிப்பு வரும், கடிவாளம் வராது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் படபடப்பும் கை நடுக்கமும்தான் மிச்சம்.

அரபிக்கரை, பெரியபட்டினம்:

இரண்டாவது கேள்விக்கு நான். வளைகுடாவில் மருந்தகத்தில் வேலை.

லிஸ்டெக்ஸாம்பெடமின் விழுங்கும்போது மருந்தே அல்ல. டெக்ஸ்ட்ரோஆம்பெடமினோடு லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். குடலில் அப்படியே ஏறி, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள நொதி அந்த ஒட்டை வெட்டிய பிறகுதான் வேலை தொடங்கும். வெட்டும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதனால் பொடித்தாலும் மூக்கில் இழுத்தாலும் சட்டென்று ஏறாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தொடங்கி 13 மணி நேரம் வரை நிற்கும்.

டப்பாவில் 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் லைசினும் உப்பும் போக உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்ரோஆம்பெடமின் சுமார் 8.9 மி.கி. "அவனுக்கு 30, நம்ம புள்ளைக்கு 10, அப்போ மூணு மடங்கு" என்று கணக்குப் போடுகிற வீடுகள் உண்டு. வேறு வேறு மருந்துகளின் டப்பாவில் போட்டிருக்கும் மில்லிகிராமை அப்படியே ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டியது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்குத் தீர்கிறது என்பதை.

வெளியேறும் வழியும் வேறு. மெத்தில்பெனிடேட்டைக் கல்லீரலில் உள்ள கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி உடைத்து வேலைக்கு ஆகாத ரிட்டாலினிக் அமிலமாக்கி விடும், பிறகு சிறுநீரில் போகும். ஆம்பெடமினில் கணிசமான பங்கு மாறாமலே சிறுநீரில் போகிறது, எனவே சிறுநீரின் புளிப்பைப் பொறுத்து வேகம் மாறும். வைட்டமின் சி பெரிய அளவில் போட்டால் சீக்கிரம் வெளியேறும். வயிற்றெரிச்சலுக்குச் சோடா உப்புப் பொடி கலக்கிக் குடித்தால் உள்ளேயே தங்கிவிடும், நெஞ்சு படபடக்கும். மெத்தில்பெனிடேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வரவழைப்பது பற்றி: வேண்டாம் காக்கா, லாத்தா, யாராக இருந்தாலும். இந்தியாவில் ஆம்பெடமின் வகையை ஏ.டி.ஹெச்.டி.க்கு மருந்துக் கடையில் வாங்க முடியாது, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தபாலில் வந்தால் வாங்குபவர் பெயரில்தான் வழக்கு. வளைகுடாவுக்குப் போகிறவர்களும் கவனம்: ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மெத்தில்பெனிடேட் கொண்டுபோகக்கூட முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு, மருந்து விவரம் எல்லாம் வைத்து இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு ஏறுங்கள். டப்பாவைப் பிரித்துச் சின்னக் கவரில் போட்டுக்கொண்டு போவதுதான் விமான நிலையத்தில் ஆளை மாட்டி வைக்கிறது.

முத்துச்சிப்பி, கீழக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். நோன்பு மாதத்தில் என்ன செய்வது? 15 வயதுப் பெண், சாதா மாத்திரை இரண்டு வேளை. மதிய வேளையை விட்டுவிடுகிறாள், மாலையில் வீடு ரணகளம். பிறகு, பசியில்லாத பிரச்சினைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

உப்பளக்காற்று, வாலிநோக்கம்:

நோன்பில் சாதா மாத்திரை ஒத்துவராது, பகல் வேளை விழுந்துபோகும். அந்த ஒரு மாதத்துக்கு நீள்நேர வகைக்கு மாற்றலாமா என்று நோன்புக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும், பிறை பார்த்த அன்று அல்ல. ஆஸ்மாடிக் மாத்திரையை சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டின்போது) 4.45-க்கு விழுங்கினால் பிற்பகல் மூன்று, நான்கு மணி வரை வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். படிப்பையும் பரீட்சைத் தயாரிப்பையும் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சஹரில் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். இந்த மருந்து நாடித்துடிப்பைக் கொஞ்சம் ஏற்றும், நம் கரை வெயிலில் நீர் வற்றினால் தலைச்சுற்றலும் சேர்ந்துகொள்ளும். இஃப்தாருக்குப் பிறகு "விட்ட வேளையை" ஈடுகட்டுகிறேன் என்று கொடுக்கவே கூடாது, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து விடியும்வரை தூங்க மாட்டாள். சாதா மாத்திரையின் கடைசி வேளை எந்த மாதத்திலும் மதியம் 3 மணிக்குள், நீட்டினால் 4.

பசிக்கு: மருந்துக்கு முன் காலைச் சாப்பாடு. இது ஒன்றைப் பழக்கினாலே பாதிப் பிரச்சினை போகும். இட்லியோடு முட்டை, பால், வேர்க்கடலை, அதாவது நாளின் கனமான சாப்பாடு காலையில். மதியம் கொஞ்சம் தின்றால் போதும், மிரட்டி ஊட்ட வேண்டாம். மருந்து இறங்கிய பிறகு ஐந்து, ஆறு மணிக்கு வரும் பசியை டீ பிஸ்கட்டில் வீணாக்காமல் சோறும் மீனுமாகப் போடுங்கள், படுக்கும் முன் இன்னொரு முறை. பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், அளவு மாறும் போதெல்லாம் நாடியும் ரத்த அழுத்தமும். நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், நினைவில் நிற்காது. குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று மாரடைப்பில் இறந்திருந்தாலோ, பிள்ளை ஓடும்போது மயங்கியிருந்தாலோ மருந்து தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். ஈ.சி.ஜி. பார்ப்போம்.

மாத்திரைப்பெட்டி, உச்சிப்புளி:

கூட ஒன்று. சளிக்கு வாங்கும் சிரப்பில் பினைலெப்ரின், சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். அவையும் ஏ.டி.ஹெச்.டி. மருந்தும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும். காசநோய்க்கு லினிசோலிட் சாப்பிடுகிறவருக்கு இந்த வகை மருந்து எதுவும் கூடாது, அது டோபமினை உடைக்கும் எம்.ஏ.ஓ. நொதியைத் தடுப்பது. பெரியவர்கள் யாராவது மெத்தில்பெனிடேட் எடுத்தால் அன்று சாராயம் கூடாது. கல்லீரல் இரண்டையும் சேர்த்து எத்தில்பெனிடேட் என்று இன்னொரு தூண்டுபொருளையே உண்டாக்கிவிடும்.

கச்சான், தொண்டி:

சார், மாத்திரையை ஃபிரிட்ஜுல வைக்கலாமா? எங்க பக்கம் உப்புக்காத்துல இரும்புப் பூட்டே ரெண்டு மாசம் தாங்க மாட்டேங்குது.

மாத்திரைப்பெட்டி, உச்சிப்புளி:

ஃபிரிட்ஜில் வேண்டாம் தம்பி. வெளியே எடுக்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் வியர்த்துவிடும். ஆஸ்மாடிக் மாத்திரை ஈரத்தில் ஊறித்தான் வேலை செய்கிறது, டப்பாவுக்குள்ளேயே ஈரம் பட்டால் ஓடு கெட்டுவிடும். வந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் உறிஞ்சுப் பையோடு, மூடி இறுக்கி, அடுப்படியும் கடல் பார்த்த ஜன்னலும் இல்லாத அறையில் பீரோவில் பூட்டி வையுங்கள். ஏழு நாளைக்குப் பிரித்துப் போடும் பிளாஸ்டிக் பெட்டியில் இதைப் போடாதீர்கள். மாத்திரை மேல் பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் கொடுக்காமல் வாங்கின கடைக்கு எடுத்துப் போங்கள்.